வாடைக்கு முன் அலுமாரியைத் திறவுங்கள்: திருகோணமலையின் மாரிகாலத்துக்கு உடுப்புத் தெரிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி பிறந்தால் திருகோணமலையில் காற்றின் முகம் மாறிவிடும். ஆனி, ஆடி, ஆவணி என்று புழுதியை வாரியடித்த கச்சான் காற்று ஓய்ந்துபோகும். பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு உள்துறைமுகத்துக்கு அப்பால் முகில் கறுத்துக்கொண்டு எழும். கார்த்திகையில் வாடை வந்துவிடும். மேற்கு நாடுகளில் இலை பழுத்து விழுவதும் இதே மாதங்களில்தான். நம்முடைய ஆறு பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தங்கள் புதுப் பருவத்து உடுப்புகளோடு படம் எடுத்து அனுப்பத் தொடங்குவார்கள். நாமோ சித்திரையில் போட்ட அதே மெல்லிய வெள்ளைக் காற்சட்டையோடு மழைக்குள் இறங்கிப் போவோம்.

போன வருடம் தீபாவளிக்கு என் தங்கச்சி ஒரு நீளக் குர்தா வாங்கினாள். ரேயோன் துணி, இளம் சாம்பல் நிறம், தொட்டால் தண்ணீர் மாதிரி வழுக்கும். உவர்மலையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் வாசலில் வந்து நின்றபோது குர்தாவின் கரை முழங்காலைத் தாண்டி இறங்கியிருந்தது. அளவுநாடா பிடித்துப் பார்த்தேன். காலையில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் நீளம். ஈரத்தின் பாரம் தாங்காமல் துணி இழுபட்டுவிட்டது. தோய்த்துக் காயப்போட்ட பிறகு அதே துணி சுருங்கி, வாங்கிய அளவுக்கும் மேலே ஏறிப்போனது. ஒரே நாள் போட்ட உடுப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த உடுப்பு வாங்கினாலும் முதற்கேள்வி இரண்டுதான்: நனைந்தால் இது என்ன ஆகும்? எவ்வளவு நேரத்தில் காயும்? அழகு, விலை, மோஸ்தர் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் சொல்லும் உடுப்புகளைக் கொண்டே மிக அழகாக உடுத்தலாம் என்பதை இப்போது நான் நிச்சயமாகச் சொல்வேன்.

முதலாம் படி: இந்தப் பருவம் என்ன கேட்கிறது?

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பது நம்மூருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். இங்கே ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் 700 மில்லிமீற்றர் அளவு நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்குள்ளேயே கொட்டிவிடுகிறது. ஆனியில் 34, 35 பாகை வரை ஏறும் பகல் வெப்பம் மார்கழியில் 28 பாகை அளவுக்கு இறங்கும். இரவில் 24 பாகை. லண்டனில் ஒக்ரோபர் மாதத்துப் பகலே 15, 16 பாகைதான். ஆகவே அங்கிருந்து பெட்டியில் வரும் கம்பளிச் சுவெற்றருக்கு இங்கே வேலையில்லை. நாம் "குளிருது" என்று சொல்வது ஈரமும் காற்றும் சேர்ந்து தோலில் படுவதைத்தான். அதற்குத் தடித்த துணி தேவையில்லை, காற்றை மறைக்கும் ஒரு மெல்லிய மேலடுக்குப் போதும். அங்கத்தைய இலையுதிர்கால உடுப்பிலிருந்து இரண்டு விசயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அடுக்கடுக்காக உடுப்பது, ஆழ்ந்த நிறங்களை உடுப்பது. கம்பளி, பூட்ஸ், கழுத்தைச் சுற்றும் தடித்த துண்டு எல்லாம் அவர்களுக்கே இருக்கட்டும்.

இரண்டாம் படி: கடைக்கு முன் அலுமாரி

புரட்டாதி முடிவதற்குள், நல்ல வெயில் எறிக்கும் ஒரு நாளில், அலுமாரியில் உள்ளது முழுவதையும் கட்டிலில் கொட்டுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள். மழையில் போடக்கூடியவை ஒன்று. வெள்ளை, வெளிர் நிறம், நிலத்தை இழுக்கும் கரை உள்ளவை இன்னொன்று; இவற்றை மாசி வரை மேற்தட்டில் வையுங்கள். பழுது பார்த்தால் போடலாம் என்பவை மூன்றாவது. உண்மையான இலாபம் இந்த மூன்றாவது குவியலில்தான் இருக்கிறது. கரை கிழிந்த காற்சட்டையை இரண்டு அங்குலம் வெட்டி மடித்தால் மழைக்கு ஏற்ற நீளம் வந்துவிடும்.

ஹூக்கையும் சிப்பையும் கட்டாயம் பாருங்கள். கடலோரக் காற்றின் உப்பு, மழையின் ஈரலிப்பு இரண்டும் சேர்ந்தால் இரும்பு ஹூக்கு ஒரு மாதத்தில் பழுப்பேறும். அந்தத் துரு துணியில் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. என் அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுச்சாறியின் தோளில், ஒரு மிளகு அளவில், ஊக்குத் துரு விட்ட புள்ளி இன்றும் இருக்கிறது. சாறியில் ஊக்குக் குத்தினபடியே மடித்து வைத்ததால் வந்தது. இரும்பு ஹூக்கைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பொத்தானும் நைலோன் சிப்பும் போடச் சொல்லுங்கள். செலவு சொற்பம்.

எல்லாம் பிரித்த பிறகுதான் என்ன இல்லை என்று தெரியும். அதை ஒரு துண்டில் எழுதுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் புடவைக்கடைக்குள் காலை வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: துணியைப் படிப்பது

இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். மாரிகாலத்து உடுப்பில் பாதி வெற்றி துணித் தெரிவில்தான் இருக்கிறது.

பருத்தி தண்ணீரை நன்றாகக் குடிக்கும். மெல்லிய பருத்தி குடித்ததைச் சீக்கிரம் விட்டுவிடும், தடித்த பருத்தி விடாது. "கொட்டன்தானே" என்று கேட்டு வாங்குவது போதாது, எவ்வளவு மெல்லிசு என்று பார்க்க வேண்டும். டெனிமும் பருத்திதான். கார்த்திகையில் தோய்த்த டெனிம் ஒன்று விறாந்தைக் கயிற்றில் இரண்டு நாள் தொங்கியும் இடுப்புப் பட்டியில் ஈரம் நிற்கும், மணமும் வைக்கும். டெனிம் இல்லாமல் முடியாதென்றால் மெல்லிய டெனிமில் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேயோன், விஸ்கோஸ் இரண்டும் காய்ந்திருக்கும்போது மிக அழகு. நனைந்தால் பலம் நன்றாகக் குறைந்துவிடும், பாரத்தில் இழுபடும், தோய்த்தால் சுருங்கும். வீட்டுக்குள், மண்டபத்துக்குள் போடலாம். ஸ்கூட்டர் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பொலியெஸ்டரை நாம் வெயில் காலத்தில் திட்டுவோம். வியர்வையை உறிஞ்சாது, உடம்பு அவியும். அதே குணம்தான் மாரியில் உதவுகிறது: தண்ணீரையும் உறிஞ்சாது. பொலியெஸ்டர் ஜோர்ஜெட், சிபோன், கிறேப் எல்லாம் மின்விசிறிக்குக் கீழே விரித்தால் சீக்கிரமே காயும். ஆனால் தோலோடு ஒட்டும் உடுப்பாகப் போட்டால் மணக்கும். ஆகவே உள்ளே பருத்தி, வெளியே பொலியெஸ்டர் என்று அடுக்குங்கள். பொலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பொலி-கொட்டன் வேலைநாள் காற்சட்டைக்கு என் முதல் தெரிவு: மினுக்கம் நிற்கும், கசங்காது, காலையில் தோய்த்தால் இரவுக்குள் காய்ந்துவிடும்.

கைத்தறிக்கு என் மனதில் தனி இடம் உண்டு. கிழக்கில் கைத்தறி என்றால் மருதமுனை. அந்தத் துணிக்கு ஒரு விறைப்பு இருக்கிறது, வாடைக்காற்றில் பறந்து திரியாது. சாறியாகக் கட்டினாலும் சரி, மேற்சட்டையாகத் தைத்தாலும் சரி, உடம்பில் வடிவாக நிற்கும். ஆனால் ஆழ்ந்த நிறக் கைத்தறியை முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத்தான் தோய்க்க வேண்டும்.

துணியின் பெயரில் சந்தேகம் வந்தால் வீட்டில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணம் தந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, விரலில் நசுங்காத ஒரு கறுத்த மணியாகும்.

நான்காம் படி: நிறம்

மார்கழியில் ஒரு காலை டச்சுக் குடாப் பக்கம் போய்ப் பாருங்கள். வானம் சாம்பல், கடல் சாம்பல், நனைந்த மதில் கறுப்பு. வெயில் காலத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த வெளிர் நீலமும் கிறீமும் அந்த வெளிச்சத்தில் வெளிறிப்போய்த் தெரியும். போதாததற்கு வெள்ளை நனைந்தால் உள்ளே உள்ளதைக் காட்டும், சேறு பட்டால் மாறாது. இந்தக் காலத்துக்குக் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, மருன், பாசிப்பச்சை, கருநீலம், காய்ந்த மஞ்சள் கிழங்கின் நிறம். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இவை அள்ளிக்கொண்டு போகும்.

கீழே இருண்ட நிறம், மேலே முகத்துக்குக் கிட்ட ஒளி உள்ள நிறம் என்ற ஒழுங்கை விட்டுவிடாதீர்கள். சேறு கீழேதான் தெறிக்கும், பார்ப்பவர் கண் மேலேதான் போகும். முழுக்கக் கறுப்பு வேண்டாம். மழை இருட்டில் வீதியில் உங்களை ஒருவருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: காலிலிருந்து மேலே

வெயில் காலத்தில் சட்டையைத் தெரிந்துவிட்டுச் செருப்பைத் தேடுவோம். மாரியில் செருப்பில் தொடங்குங்கள். தோற்செருப்பு ஒரு கிழமை ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டு விடும். பின்பட்டி உள்ள ரப்பர் செருப்பு நல்லது. பின்பட்டி இல்லாத செருப்பு நடக்க நடக்கச் சேற்றைக் காற்சட்டையின் பின்பக்கம் முழுவதும் அடிக்கும். அடியைப் புரட்டிப் பாருங்கள், ஆழமான வெட்டுகள் இருக்க வேண்டும். வழுவழுப்பான அடி, நனைந்த மாபிள் படியில் ஆளை விழுத்தும். வேலை செய்யும் இடத்தில் மூடின சப்பாத்து வேண்டுமென்றால் ஒரு சோடியை அங்கேயே வைத்துவிடுங்கள், வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் அது நனையத் தேவையில்லை.

அடுத்தது கரை. காற்சட்டை என்றாலும் பாவாடை என்றாலும் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். விரிந்த பலாசோ, கால் முழுக்கச் சுருக்கு வைத்த பட்டியாலா இரண்டும் இந்த மாதங்களில் தண்ணீர் இறைக்கும் வாளிக்குச் சமம். நேராக இறங்கும் வெட்டு எடுங்கள்.

இனி, எல்லோரும் மறக்கிற ஒன்று: மழைக்கோட்டு. கார்த்திகை, மார்கழியில் ஊர் உங்களைப் பார்ப்பது பெரும்பாலும் மழைக்கோட்டோடுதான். உள்ளே எவ்வளவு வடிவாக உடுத்தாலும் வெளியே கிழிந்த நீலப் பொலித்தீன் என்றால் என்ன பயன்? புதுப் பருவத்துக்கென்று ஒதுக்கும் காசில் பெரிய பங்கை மழைக்கோட்டிலும் செருப்பிலும் போடுங்கள். சட்டைக்கு மிச்சம். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு மேலும் கீழும் வேறாக உள்ள சோடி வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், தெளிந்த பச்சை என்று எடுங்கள், முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி இருந்தால் இன்னும் நல்லது. தையல் ஓட்டங்களை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள், தையலின் மேல் ஒட்டுப்பட்டி இல்லாவிட்டால் அந்த ஊசித்துளை வழியே தோள் நனையும். ஷோலைக் கோட்டுக்குள் அடக்கிக் குத்திவிடுங்கள். சில்லில் சுற்றிய ஷோலால் உயிர் போன கதைகள் நாம் கேள்விப்படாதவை அல்ல.

ஆறாம் படி: கடைவீதி

நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட முதல் வாரம்தான் என் கணக்கில் நல்ல நேரம். புதுச் சரக்கு வந்திருக்கும், நெரிசல் தொடங்கியிராது. தீபாவளிக்கு முதல் மூன்று நாளில் மத்திய வீதியில் துணியைத் தொட்டுப் பார்க்கவும் இடம் கிடைக்காது. போவதென்றால் காலை பத்து மணிக்குப் போங்கள். பகல் வெளிச்சம் இருக்கும், கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும்.

நான் போகும்போது கைப்பையில் ஒரு வெள்ளை லேஞ்சி, ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல், வீட்டிலிருக்கும் காற்சட்டையில் ஒட்ட வெட்டின துணித்துண்டு மூன்றும் இருக்கும். போன முறை மருன் நிறத்தில் ஒரு மெல்லிய பருத்தியைத் தெரிந்துவிட்டுக் கேட்டேன்:

"அண்ணா, மூலையில கொஞ்சம் ஈர லேஞ்சி வைச்சுத் தேய்ச்சுப் பார்க்கவா?"

"தாராளமாப் பாருங்க தங்கச்சி. சாயம் போனா எடுக்காதீங்க, வேற காட்டுறன்."

இருபது தடவை தேய்த்தேன். லேஞ்சியில் இளஞ்சிவப்பு ஏறிவிட்டது. அவரே அந்தக் கட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மேற்தட்டிலிருந்து இன்னொரு மருனை இறக்கினார். அதில் ஒன்றும் ஏறவில்லை. நல்ல கடைக்காரர் இப்படிக் கேட்டால் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம் வாங்கத் தேவையில்லை.

அடுத்து, துணியின் மூலையைக் கைக்குள் பொத்திப் பத்து எண்ணுங்கள். விரித்ததும் கசங்கல் தானாக விரிந்தால் அந்தத் துணி மழைக்கோட்டுக்குள் ஒரு மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும். பிறகு கடை வாசலுக்குக் கொண்டுபோய், உள்ளங்கையை அடியில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்திருக்கும்போதே கைரேகை தெரிந்தால், நனைந்தால் எல்லாம் தெரியும். கடை விளக்கில் பார்த்த நிறத்தை நம்பி ஒருபோதும் காசு கொடுக்க வேண்டாம்.

தைத்த உடுப்பென்றால் உட்பக்கம் திருப்புங்கள். தையலுக்கு வெளியே அரை அங்குலமாவது துணி விட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் குவித்து விற்கும் இடங்களில் நல்ல மேற்சட்டைகள் அகப்படும், பொறுமையாகக் கிளறுங்கள். அவற்றின் உள்ளே இருக்கும் துணி விபரத் துண்டை வாசித்துவிட்டு எடுங்கள்.

ஏழாம் படி: தையற்காரர்

துணியை முதலில் தோய்த்துக் காயவைத்து மினுக்கிய பிறகே தைக்கக் கொடுங்கள். தைத்த பின் சுருங்குவதற்கு வைத்தியமில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு முன் கொடுத்தால்தான் ஒழுங்காகக் கையில் வரும். குர்தாவுக்கு முழங்கால் அளவு நீளம், பக்க வெட்டு இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை, முக்கால் கை. முழுக்கை நனைந்தால் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வேலை செய்ய விடாது. காற்சட்டைக் கரையில் ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள், கோடையில் இறக்கிவிடலாம்.

எட்டாம் படி: சோடி சேர்ப்பது

வேலைநாளுக்குக் கருநீலப் பொலி-கொட்டன் நேர்க்காற்சட்டை, கடுகு மஞ்சளில் மெல்லிய பருத்திக் குர்தா, மேலே இடுப்பளவில் நிற்கும் கைத்தறி மேற்சட்டை. குளிரூட்டிய அறையில் மேற்சட்டையைப் போடுங்கள், வெளியே வந்தால் கழற்றிப் பைக்குள் வையுங்கள். இதே காற்சட்டைக்குச் செங்கல் சிவப்பு, பாசிப்பச்சை என்று இன்னும் இரண்டு குர்தா இருந்தால் கிழமை முழுவதும் புதிதாகத் தெரியும். இரண்டு காற்சட்டை, நான்கு மேலுடுப்பு, ஒரு மேற்சட்டை. இவ்வளவுதான் கணக்கு. எட்டு விதமாக மாற்றி உடுக்கலாம்.

திருக்கோணேஸ்வரத்துக்குப் போகிறவர்களுக்குக் காற்றுத்தான் சோதனை. மலையில் ஏற ஏறக் கடற்காற்று முந்தானையைப் பிடுங்கும். ஜோர்ஜெட் சாறி அங்கே கைக்கு அடங்காது. அகலக் கரை உள்ள கைத்தறிச் சாறி, கொசுவத்தில் ஒரு ஊக்கு, தோளில் ஒரு ஊக்கு. மார்கழித் திருவெம்பாவைக்கு விடியமுன் போகும்போது ஒரு பருத்திச் சால்வை போதும். உட்பாவாடை மட்டும் பொலியெஸ்டர் சற்றினாக இருக்கட்டும், நனைந்தாலும் காலில் சுற்றாது.

மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே ஐப்பசியிலும் கார்த்திகையிலும், நல்ல மழைக்குள், ஒரே நாளில் இரண்டு மூன்று அழைப்பு வரும். பட்டில் மழைத்துளி விழுந்தால் வட்டமாக அடையாளம் விடும். பதறித் தேய்க்காதீர்கள். காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காற்றில் விரித்து விடுங்கள். மண்டப வாசலில் இறங்கும்வரை சாறியின் கீழ்ப்பகுதியை முழங்கால் மட்டும் தூக்கி ஒரு சறத்தால் சுற்றிக் கட்டிக்கொள்வார் என் பெரியம்மா. அழகான யோசனை, நானும் அப்படித்தான் செய்கிறேன்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் அபாயா அணியும் தோழிகள் சொல்வது ஒன்றுதான்: கரை நனைந்தால் நாள் முழுவதும் பாரம். மெல்லிய கிறேப் அல்லது நிதாத் துணியில், நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, அகலக் கரைமடிப்பு இல்லாமல் தைப்பது உதவும். மடித்த கரைதான் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். கறுப்புக்குப் பதிலாகக் கரும்பச்சையோ மருனோ எடுத்தால் சாம்பல் வானத்துக்கு எடுப்பாக இருக்கும்.

ஆண்களுக்கு: ஆழ்ந்த நிறத்தில் பொலி-கொட்டன் நீளக் காற்சட்டை இரண்டு, கட்டம் போட்ட மெல்லிய பருத்திச் சேட் நான்கு. உள்ளே பெனியன் கட்டாயம், நனைந்த சேட் ஒட்டாமல் அது காக்கும். வேட்டி கோயில் வாசலில் கட்டிக்கொள்ளலாம், பையில் கொண்டுபோங்கள். கொழும்புக்கு இரவு ரயிலோ பஸ்ஸோ என்றால் முழுக்கை மேற்சட்டை ஒன்று, ஒரு சோடி காய்ந்த காலுறை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூன்றாவது சீருடைச் சோடி ஒன்று, வேறு வழியில்லை.

ஒன்பதாம் படி: காயவைப்பது

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றார்கள். மாரியில் கசக்குவது சுலபம், காய்வதுதான் பாடு. தோய்த்த உடுப்பை ஒரு காய்ந்த துவாயில் சுருட்டி, மேலே முழங்காலால் அமத்துங்கள். பாதித் தண்ணீர் துவாய்க்குப் போய்விடும். பிறகு கொழுவியில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறிக்குக் கீழே. அரை ஈரத்தில் மினுக்கினால் சூட்டில் மிச்சமும் காய்ந்துவிடும், ஆனால் சூடு ஆறும்வரை அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். அலுமாரியை மதிலோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். பகலில் கதவைத் திறந்து விடுங்கள். பட்டுச்சாறியைப் பொலித்தீன் பையில் போடாதீர்கள், பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றுங்கள்.

தைப்பொங்கல் கழிந்து வெயில் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். மழைக்கோட்டை உட்பக்கம் வெளியே வரப் புரட்டி, நிழலில், இரண்டு நாள் தொங்கட்டும். தையல் ஒட்டுப்பட்டி எங்கே விட்டிருக்கிறது என்று அப்போதே பார்த்து ஒட்டிவிட்டு மடித்து வையுங்கள்.